சம்மட்டிக்குப் போட்ட கோடுகள்

காக்களூரில் எங்கள் சந்தில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும் ஆறாம் மாதம் பிறந்ததும் என்னிடம் வந்துவிடுவாள். நானாகக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் மதிப்பு போய்விடும் இல்லையா? வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, தெருவில் யார் வருகிறார்கள் என்றே தெரியாதவள் மாதிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவள் வந்து நின்று, "அத்தே, கொஞ்சம் கை வெச்சிப் பாரேன்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டதும் எழுந்துவிடுவேனா? கீரையை முடிப்பேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, அதற்கப்புறம்தான் வயிற்றில் வைப்பேன். வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். மூடுவதற்கு ஒரு காரணமும் கிடையாது. மூடினால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதுதான்.

"கீது, நல்லா துள்ளுது. போ, போயி வயிறார சாப்புடு" என்பேன். அவள் முகம் மலர்ந்து போவாள். நான் மறுபடியும் கீரைக்கு வந்துவிடுவேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை துள்ளாமல் என்ன செய்யும்? ஐப்பசியில் மழை வரும் என்று சொல்லிவிட்டு, வந்ததும் நான்தான் சொன்னேன் என்று தெருவெல்லாம் பெயர் வாங்கிய கதைதான் என் கதை. ஒருமுறை மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குக் கை வைத்துப் பார்த்து, "ரெண்டு கொயந்தைடி" என்றேன். ஸ்கேனிலும் இரண்டு என்று வந்தது. அன்றிலிருந்து என் கைக்கு ஏறிய மவுசு கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த ஸ்கேன் ஒரு வாரம் முன்பே எடுத்தாகிவிட்டது, அவள் மாமியார் குழாயடியில் யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குடம் வைத்துக்கொண்டு பின்னால்தான் நின்றிருந்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே கூட மறந்துபோயிருந்தது என்றுதான் வைத்துக்கொண்டேன். நமக்கு வேண்டியதை மறப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

படிப்பு என்றதும் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். இதையும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிடுகிறது. எழுத்தில் தப்பு இருந்தால் மருமகள் திருத்துவாள். மற்ற தப்பை நான்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு அடிக்கும் கம்பெனி. பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அச்சில் வைப்பார்கள். மேலேயிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின் சம்மட்டி விழும். ஒரு துண்டுக்கு நாலு அடி. தும், தும், தும், தும். அடுத்த துண்டு வருகிறவரை கொஞ்சம் ஓய்வு. மறுபடி நாலு அடி. காலையில் ஆரம்பித்தால் இருட்டுகிறவரை இதுதான். எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். புதிதாக வந்த விருந்தாளி, "இன்னா சத்தம் அது?" என்று எழுந்து நின்றுவிடுவார். நாங்கள், "எது?" என்று கேட்போம். பொய் இல்லை. எங்களுக்கு அது கேட்காது. முப்பது வருஷம் கூடவே இருந்தால் சத்தமும் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. இருப்பது தெரியாது.

அந்தக் கம்பெனியில் நானும் வேலை செய்திருக்கிறேன். அடித்து வந்த இரும்பின் ஓரத்தில் பிசிறு இருக்கும், அதைச் சுற்றுகிற கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும். என் மகன் வயிற்றில் இருந்தபோதும் அந்தக் கல்லின் முன்னால்தான் நின்றேன். முதல் அசைவு வந்த அன்று எனக்கு அது அசைவு என்றே தெரியாது. முந்தின நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அதன் வேலை என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். குடித்தும் நிற்கவில்லை. பக்கத்துக் கல்லில் வேலை செய்த அக்காவிடம், "அக்கா, வயித்துல வாயு ஓடிக்கினே கீது" என்றேன். அவள் கல்லை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "வாயுவுக்கு இன்னா பேரு வெக்கப் போற?" என்றாள்.

ஏழாம் மாதம் ஆனதும் ஒரு வேடிக்கை நடந்தது. சம்மட்டி விழும். ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்கும். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு உதை. மறுபடி சம்மட்டி. ஒரு மூச்சு. உதை. திடுக்கிட்டுத்தான் உதைத்திருப்பான், பாவம். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை கம்பெனிக்கே பதில் சொல்கிறான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவன் பிறந்து, வளர்ந்து, படித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோதும் சொன்னேன். "வயித்துலயே டூட்டி பாத்தவன்." அவன் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடமும் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மருமகள் ஆரம்பாக்கத்துப் பெண். அவனோடு அதே கம்பெனியில் வேலை. முடிந்து வரும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, சரி, தப்பு என்று தாளில் குறிக்கிற பிரிவு. அவள் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே பேஜாராக இருந்தது. உப்பு எவ்வளவு போடட்டும் என்று கேட்பாள். "ஒரு கை" என்பேன். "யாரு கை அத்தே?" என்பாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவள் முழுகாமல் இருந்தபோது ஏழாம் மாதம் வேலைக்கு லீவு சொல்ல வைத்து வளையல் போட்டோம். முறைப்படி அம்மா வீட்டுக்குப் போக வேண்டியவள். அவள் அம்மா வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அதனால் என் வீட்டிலேயே இருந்தாள். நான் அந்த அம்மாவிடம் போனில் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. என் கை கீது" என்றேன். அந்த அம்மா, "உங்க கைய பத்தி எம் பொண்ணு சொல்லிக்கீறா" என்றாள். மரியாதையாகச் சொன்னாளா, வேறு மாதிரிச் சொன்னாளா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

எட்டாம் மாதம் சுகாதார நிலையத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். தேதி போட்டுக் கட்டம் கட்டமாக இருக்கும். சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, குழந்தை அசைந்தால் ஒரு கோடு போட வேண்டும். அசைவு குறைந்தால் உடனே வர வேண்டும். அவ்வளவுதான் அந்த அட்டை.

எனக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல். வீட்டில் இந்தக் கை இருக்கும்போது ஒரு அட்டையா? மருமகள் அட்டையை நேராக வைத்து, பேனாவை அதன் பக்கத்தில் வைத்து, செல்லில் நேரம் பார்த்துப் படுத்தாள். அவள் கம்பெனி வேலையே தான். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. படுத்தால் அவளுக்குத் தூக்கம் சொக்கும் வேறு. "நீ தூங்கு கண்ணு. நான் பாத்து கோடு போடறேன்" என்று அட்டையை வாங்கிக்கொண்டேன்.

"அத்தே, நாமளா பாக்காதத ஷீட்டுல எழுதக் கூடாது. எங்க கம்பெனியில வேலயே பூடும்."

"பாக்காம எழுதறனா? கைய வெச்சிக்கினு தானே எழுதறேன்? உங்க கம்பெனியில இரும்ப பாப்பாங்க. இது உசிரு."

பேனாவையும் என்னிடம் நீட்டினாள். மாமியாரிடம் எவ்வளவு நேரம் வாதாடுவாள்?

அவள் படுக்கிற இரும்புக் கட்டில் பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கையில் பேனா பிடித்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொள்வேன். தும், தும், தும், தும். கைக்குக் கீழே அதிரும். ஒரு கோடு போடுவேன். கொஞ்சம் ஓய்வு. மறுபடி அதிரும். இன்னொரு கோடு. எனக்கு எழுத வருகிற எழுத்துகளிலேயே கோடுதான் அழகாக வரும். கட்டத்துக்குள் நேராக, வேலி மாதிரி நிற்கும். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு, நாற்பது என்று நிறைத்தேன்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் சம்மட்டிச் சத்தம் எனக்கும் கேட்கத்தான் செய்யும்; அதுவும் அசைவும் ஒன்றாக வருவதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். அதுதான் கேடு. கவனித்துவிட்டு என்ன நினைத்தேன் என்றால், அப்பனைப் போலவே பிள்ளையும் கம்பெனிக்குப் பதில் சொல்கிறது என்று நினைத்தேன். அப்பனாவது ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டான். இது சம்மட்டி விழும்போதே உதைக்கிறது. அப்பனை விடக் கெட்டி. இதையும் சந்து முழுக்கச் சொன்னேன்.

எட்டு நாள் போயிருக்கும். மருமகள், "அத்தே, ரெண்டு நாளா கம்மியா கீற மாதிரி தெரியுது" என்றாள்.

"எங்க, படு." கையை வைத்தேன். தும், தும், தும், தும். "இதோ! இதுவா கம்மி? எம்மாம் உதை உதைக்குது, உனக்குத் தெரியலயா?"

அவள் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுது... ஆனா உள்ளாற தெரியல அத்தே" என்றாள்.

"உள்ளாற வெளிய இன்னா? எல்லாம் ஒண்ணுதான். முதல் புள்ள, உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். ஓமத்தண்ணீர் குடித்தவள் பேசுகிற பேச்சா இது?

மறுநாளும் சொன்னாள். மறுநாளும் அதே பதில்தான் சொன்னேன். அன்றைக்கு நாற்பது கோடு.

பண்டிகைக்கு முந்தின நாள் என்பதால் அன்று சாயங்காலமே கம்பெனியில் ஆயுத பூஜை. சம்மட்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். பழைய ஆள் என்று எனக்கு இரண்டு பொட்டலம். பூஜை முடிந்ததும் மிஷினை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். இனி இரண்டு நாள் லீவு.

மறுநாள் காலையில் எழுந்தபோது எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மிளகு தட்டிப் போட்டுக் குடித்தேன். மகன் அவன் கம்பெனி பூஜைக்கென்று காலையிலேயே கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டான். நாஷ்டா முடிந்தது. மருமகள் படுத்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றில் வைத்து, கண்ணை மூடினேன்.

ஒன்றும் இல்லை.

கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன். வலது பக்கம் வைத்தேன். இடது பக்கம் வைத்தேன். என் கை நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. கண்ணைத் திறந்தேன். எதிரே அலமாரி. அதில் டம்ளர்கள் அசையாமல் நின்றன. அவை அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் என் வாயைப் பாருங்கள், அது என்ன சொல்கிறது? "தூங்குது போல கீது" என்கிறது.

வெல்லம் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். குடித்தாள். அரை மணி நேரம் பார்த்தோம். அவளும் கை வைத்தாள், நானும் வைத்தேன். ஒருமுறை லேசாக ஏதோ நெளிந்த மாதிரி இருந்தது என்றாள். எனக்குத் தெரியவில்லை.

"அத்தே, நேத்து எத்தினி கோடு போட்டீங்க?"

"நாப்பது."

"நான் நேத்து மூணுதான் எண்ணுனேன். நீங்க அனுபவஸ்தி, நாப்பதுன்றீங்களேன்னு, எனக்குத்தான் எண்ணத் தெரியலன்னு நெனச்சிக்கினேன்."

அவள் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். தன் உடம்பை விட என் கையை நம்பியிருக்கிறாள். அந்தக் கையோ சம்மட்டிக்குக் கோடு போட்டிருக்கிறது. அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. "கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னேன். ஆட்டோவில் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அட்டை போட்ட பையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். போகிற வழியெல்லாம் என் வேண்டுதலைக் கேளுங்கள்: குழந்தை நன்றாக இருக்க வேண்டும்; என் தப்பும் வெளியே தெரியக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டினேன்.

டவுனில் நாங்கள் காட்டுகிற ஆஸ்பத்திரியில் பண்டிகை நாளிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கிற மிஷின் ஒன்றுதான். அதற்குத்தான் வரிசை. மேசையில் ஒரு நர்ஸ் பெண், தலையில் கதம்பம் வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியின் தாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பிரச்சன?"

"அசைவு கம்மியா கீது சிஸ்டர்" என்றாள் மருமகள்.

நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "நேத்து நாப்பது, முந்தா நேத்து முப்பத்தெட்டு. நல்லாத்தானேம்மா ஆடுது? இன்னிக்கி காலையில தானே தெரியல? பயப்படாத. அப்படி போயி உக்காரு. வரிசையில கூப்புடறேன், பாத்துடலாம்."

நர்ஸ் மேல் குற்றமே இல்லை. அட்டை அப்படிச் சொல்கிறது. அவ்வளவு நேரான கோடுகள்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். 'நான் போடல, எங்க அத்தே போட்டது' என்று ஒரு வார்த்தை போதும். நாலு பேர் எதிரில் மாமியாரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நின்றாள். நிற்கிறபோதும் கை வயிற்றிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து பெஞ்சிலிருந்து, "அத்தே! நீங்களா!" என்று ஒரு சத்தம். எங்கள் சந்தில் கடைசி வீட்டுப் பெண். ஏழு மாதம். போன வாரம்தான் கை வைத்துப் பார்த்து அனுப்பியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம், "இவங்கதான் நான் சொன்ன அத்தே. கை வெச்சா ஸ்கேனு தோத்துடும்" என்றாள். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இன்னொருத்தி, "ஆயா, எனுக்கும் கொஞ்சம் பாருங்களேன்" என்று புடவையை விலக்கியே விட்டாள். மூன்று வயிறு என் பக்கம் திரும்பியது. என் ஆயுசில் அவ்வளவு பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை.

மருமகளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று பார்த்தேன். ஒருத்திக்கு இருபது நிமிஷம் என்று வைத்தாலும் மத்தியானத்துக்கு மேல் ஆகும்.

மேசைக்கிட்டே போனேன். "சிஸ்டர், அந்தக் கோடு கொயந்தைக்குப் போட்டது இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா ஆயா? சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.

"அந்தக் கோடு கொயந்தைக்குப் போட்டது இல்லம்மா! சம்மட்டிக்குப் போட்டது! எங்க ஊட்டுக்குப் பின்னால கம்பெனி கீது. அது அடிக்க சொல்லோ கட்டிலு அதுருது. நான் கைய வெச்சிக்கினு, கொயந்தன்னு நெனச்சி கோடு போட்டுட்டேன். இன்னிக்கி கம்பெனி லீவு. ஒண்ணுமே தெரியல. அந்தப் பொண்ணு மூணு நாளா கம்மின்னு சொல்லிக்கினு கீறா. நான்தான் கேக்கல."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். புடவையை விலக்கியவள் மெதுவாகத் திரும்ப மூடிக்கொண்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எத்தினி நாளு கோடு?"

"பத்து நாளு. அதுக்கு முன்னால ரெண்டு நாளு அவ போட்டது. அது சரியா இருக்கும்."

"அடப்பாவி ஆயா!" என்று சொல்லிக்கொண்டே மருமகளின் கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி உள்ளே அழைத்துப் போனாள். "நகருங்கம்மா, இவுங்கள மொதல்ல பாக்கணும்."

சந்துக்கே அத்தையாக இருந்தவள் ஒரு நிமிஷத்தில் அடப்பாவி ஆயாவாகிவிட்டேன். பின்னாலேயே ஓடினேன்.

வயிற்றில் பட்டை கட்டி மிஷினைப் போட்டார்கள். கரகரவென்று ஏதோ சத்தம். நர்ஸ் மிஷினோடு சேர்ந்த வட்ட வில்லை ஒன்றை எடுத்து வயிற்றில் அங்கே இங்கே வைத்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மருமகள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். திடீரென்று ஒரு சத்தம் பிடித்தது. யாரோ அவசரமாகத் துணி தைக்கிற மாதிரி, தையல் மிஷின் போல, டிக்குடிக்கென்று வேகமாக ஓடியது.

எனக்குத்தான் புத்தி வந்துவிட்டதே. நர்ஸிடம், "பக்கத்து ரூம்ல எதுனா மிஷினு ஓடுதா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதான் ஆயா கொயந்த" என்றாள்.

மருமகள் அப்போதுதான் அழுதாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்கள். குழந்தையைச் சுற்றி இருக்கிற நீர் குறைந்துபோயிருக்கிறது, அதனால்தான் அசைவு குறைந்திருக்கிறது, துடிப்பு இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். "சரியான நேரத்துல வந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் வீட்லயே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதியை நான் மனதுக்குள் முடித்துக்கொண்டேன். கம்பெனிக்கு லீவு விடாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கும் நாற்பது கோடு போட்டிருப்பேன்.

மகனுக்குப் போன் போட்டோம். அவன் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை ஒரு சின்ன அறையில் இருந்தோம். மின்விசிறி கூட சத்தம் போடாத அறை. மருமகள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி, கை இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"அத்தே, இங்க வாங்க" என்றாள். போனேன். என் கையைப் பிடித்து வயிற்றின் ஒரு பக்கமாக வைத்தாள். நான் கண்ணை மூடவில்லை.

"இப்போ" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் சுற்றுகிற கல்லில் இரும்பைப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை செருப்புத் தோலாகிக் கிடக்கிறது. அதில் டம்ளர் சூடே லேசில் தெரியாது. எத்தனை வருஷமாக எத்தனை வயிற்றில் வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு முறையாவது உண்மையாகத் தெரிந்திருக்குமா? எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

"எனுக்குத் தெரியலம்மா" என்றேன். அந்தச் சொல்லை என் வாய் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

"எனுக்குத் தெரிஞ்சிது அத்தே" என்றாள்.

பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். முன்பக்கத்தில் என் வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குறுக்கே ஒரு பெரிய கோடு இழுத்தாள். "இது ரிஜெக்ட் அத்தே" என்றாள். பின்பக்கம் திருப்பி, தேதி எழுதி, நேரம் எழுதி, ஒரே ஒரு கோடு போட்டாள். அது கொஞ்சம் வளைந்திருந்தது, படுத்தபடி போட்டதால். நான் போட்ட எந்தக் கோடும் அப்படி வளைந்ததில்லை.

சாயங்காலம் குழந்தையை எடுத்தார்கள். பெண். எடை கொஞ்சம் குறைவு என்று நாலைந்து நாள் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா சாயல், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற முகம். சம்பந்தியம்மா கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஆனால் செய்தி சந்துக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி வீட்டுப் பெண் ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ஆரத்தித் தட்டோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா அத்தே, இன்னிக்கி கம்பெனி எத்தினி மாசம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார்கள். சிரித்தும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போதும் யாராவது வயிற்றோடு வந்து நிற்கத்தான் செய்கிறார்கள், பழக்கத்தில். சந்தின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் அதிர்வு வராது. அங்கே ஒரு வீட்டில் பாய் போட்டுப் படுக்க வைத்து, "கொயந்த ஆடுதா? நீயே சொல்லு" என்கிறேன். "கம்மியா கீது" என்று யாராவது சொன்னால் ஆட்டோவைக் கூப்பிடுகிறேன். அவ்வளவுதான் இப்போது என் வைத்தியம்.

வீட்டுக்கு வந்த அன்று முதல் வேலையாகக் கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டோம். குழந்தையைத் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டு நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கை வைக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சம்மட்டி விழுந்தது. எனக்கு இப்போதெல்லாம் அது கேட்கிறது. ஒவ்வொரு அடியும் கேட்கிறது. டம்ளர்கள் கிணுகிணுத்தன. குழந்தை அசையவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆயிற்று. அப்புறம் துணிக்குள்ளேயிருந்து ஒரு கால் விசுக்கென்று வெளியே வந்து காற்றை உதைத்தது.

அடுக்களையில் இருந்த மருமகளைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். மறுபடி சம்மட்டி. ஒரு மூச்சு. மறுபடி அந்தக் கால்.

"நீ பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் அத்தே" என்றாள்.

அதற்கப்புறம்தான் நான் நம்பினேன்.